புகைபோக்கியின் தகடு

நவம்பர் 3, திங்கள்

நேற்று கல்லறைத் திருநாள். மனைவி அமலியின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினேன். கொடைக்கானல் காற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. அவள் போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள், மகள் பெனிட்டா வரவில்லை. திருச்சியில் அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் தேர்வாம்.

இன்று காலை போன் செய்து தீர்ப்புச் சொன்னாள். போன குளிரில் எனக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தேன் அல்லவா, இனி விறகுப் புகை ஆகாது என்று டாக்டர் அவளிடம் சொன்னாராம். நோயாளி நான், சொன்னது அவளிடம். ஒன்று, நான் திருச்சிக்குப் போய் அவளுடைய மூன்றாவது மாடி வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டு விறகுக் கணப்பை கேஸுக்கு மாற்ற வேண்டும்.

"நீங்களே முடிவு பண்ணுங்கப்பா" என்றாள். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு முடிவு பண்ணச் சொல்கிறாள். கேஸ் என்றேன்.

நவம்பர் 5, புதன்

வத்தலக்குண்டிலிருந்து கலீல் என்று ஒருவன் வந்தான். பெனிட்டா ஏற்பாடு. நாற்பது வயதிருக்கும். வாய் ஓயவில்லை.

கணப்புக்குள் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகை மேலே போகிறதா என்று கவனித்தான்.

"ஒங்க சிம்னி ஒங்கள மாதிரியே இருக்குய்யா. வயசாச்சு, இழுவை குறையல."

"எனக்கு இழுவை குறைஞ்சதாலதான்ப்பா ஒன்னைய வரச் சொல்லியிருக்காங்க."

சிரித்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். சரிவில் கட்டிய கல் வீடு; முன்பக்கத் தரைக்கு அடியில் விறகு அடுக்கும் கீழறை இருக்கிறது. சிலிண்டரை அங்கே வைத்தால் மழை படாது, பார்வைக்கும் தெரியாது என்றான்.

முடியாது என்றேன். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும், ஒரு பொறி பட்டால் வீடே எழும்பும். வெளியே, தரைக்கு மேலே, கம்பிக் கூண்டில்தான் இருக்க வேண்டும் என்றேன்.

டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். "வாஸ்தவந்தான்யா. எங்கிட்டுப் படிச்சீங்க?"

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன், பள்ளிக்கூடத்தில் படித்தவன் இல்லை. ஐந்தாவதோடு சரி. இங்கே மலை மேல் ஒரு விடுதிப் பள்ளியில் குழாய், மின்சாரம், வெந்நீர் பாய்லர் எல்லாம் என் கையில்தான் இருந்தன. வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன புத்தகங்களை அகராதி வைத்துப் படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. யாரிடமும் போய் நின்றதும் இல்லை.

இதை அவனிடம் சொல்லவில்லை. "அனுபவம்" என்றேன்.

நவம்பர் 8, சனி

புகைபோக்கியைத் துடைத்தோம். விறகுப் புகையின் தார் உள்ளே கறுப்பாக, கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. அதை விட்டுவிட்டு கேஸ் பற்றவைத்தால் சூட்டில் தார் தீப்பிடிக்கும் என்றான் கலீல். நானே சுரண்டுகிறேன் என்றேன். "கூரை மேல நீங்க ஏறுனா நா எறங்கிப் போயிருவேன்யா" என்றான். அவன் கூரையிலிருந்து கயிற்றில் பிரஷ் கட்டி இறக்கினான். நான் கீழே சாக்குப் பிடித்தேன். ஒரு பழைய குருவிக் கூடு விழுந்தது. இருமல் வந்தது. அவன் பார்க்காதபோது இருமினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வேலை முடிந்தது. வெளியே கூண்டில் சிலிண்டர், சுவரைத் துளைத்துச் செப்புக் குழாய், பக்கத்தில் ஒரு வால்வு, கணப்புக்குள் மணல் பரப்பி அதில் பர்னர். அதன்மேல் பீங்கானில் செய்த ஐந்து விறகுக் கட்டைகள். பட்டையில் பாசிகூட வரைந்திருக்கிறார்கள். அவற்றை இடம் மாற்றக் கூடாதாம், மாற்றினால் கரி பிடிக்குமாம். என் வீட்டில் என் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை.

மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தான். நானும் இரண்டாம் முறை தடவிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளவில்லை.

புகைபோக்கியின் தொண்டையில் ஒரு இரும்புத் தகடு உண்டு. கைப்பிடியைத் தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். விறகு காலத்தில் கங்கு முழுக்க அணைந்த பிறகு மூடிவிடுவேன், இல்லாவிட்டால் பனி அந்த வழியாக வீட்டுக்குள் இறங்கும். கலீல் அதில் ஒரு கிளாம்பை மாட்டி முறுக்கிவிட்டான். இனி அது மூடாது.

"இத மட்டும் தொடவே கூடாதுய்யா."

"கேஸுல பொகை இல்லைங்கிறே. அப்பறம் எதுக்குப்பா தெறந்து கெடக்கணும்? சூடெல்லாம் மேல போயிரும்."

"போகட்டும்யா. பொகைன்னா மனுசன் இருமிக்கிட்டாவது எந்திரிச்சு ஓடிருவான். கேஸு எரிஞ்சு வர்ற விஷக்காத்து கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூங்க வச்சே ஆளத் தூக்கிட்டுப் போயிரும். ரூமுக்குள்ள கரியடுப்பு வச்சுப் படுத்துச் செத்தவங்க கதை ஒங்க மலையிலயே எத்தனை கேட்டிருப்பீங்க?"

அது கரி. இது வேறு. ஆனால் வாதாடவில்லை. படுக்கும் முன் வால்வை அடைத்துவிட வேண்டும் என்றான். அது நியாயம்.

பெனிட்டா கூரியரில் அனுப்பியிருந்த ஒரு வெள்ளை டப்பாவையும் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். விஷக்காற்று வந்தால் கத்துமாம்.

நவம்பர் 12, புதன்

முதல் மாலை. பற்றவைத்தவுடன் எரிகிறது. வெடிப்பு இல்லை, வாசனை இல்லை, சாம்பல் இல்லை. படம் மாதிரி எரிகிறது. ஒன்றும் செய்வதற்கு இல்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். விறகு என்றால் ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

நவம்பர் 15, சனி

பின்னறையைப் பெருக்கினேன். அமலியின் தையல் மிஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. ஈஸ்டர் சமயத்தில் நான் கோவிலுக்குப் போயிருந்தபோது பெனிட்டா அதைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

என்னை ஏன் கேட்கவில்லை என்றேன் அப்போது. "கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு தெரியும்ப்பா. அதப் பாத்துப் பாத்து நீங்க சாப்பிடாம கெடந்தீங்க."

சாப்பிடாமல் இருந்தது பசிக்காததால். இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறாள்.

நவம்பர் 19, புதன்

மழை. இரண்டு நாளாக மூடுபனி விலகவில்லை. அடுப்பு முழு வீச்சில் எரிந்தும் முதுகு சில்லிடுகிறது. கணப்பின் முன் கையை நீட்டிப் பார்த்தேன். சூடு முகத்தைத் தொட்டுவிட்டு மேலே ஓடிவிடுகிறது. கேஸை வாங்கி மேகத்துக்குக் குளிர் காய வைக்கிறேன்.

ஸ்பேனர் எடுத்து, மல்லாந்து படுத்து, கிளாம்பைக் கழற்றினேன். தகட்டை முக்கால் பங்கு மூடினேன். கால் பங்கு திறந்திருக்கிறது. அது போதும். புகை இல்லாத தீக்கு எத்தனை பெரிய வழி வேண்டும்?

அரைமணி நேரத்தில் அறை கதகதப்பானது. எல்லாவற்றையும் கலீலிடம் கேட்டுச் செய்ய வேண்டுமென்றால் நான் எதற்கு இத்தனை வருடம் படித்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

வெள்ளை டப்பா காது கிழியக் கத்தியது. சூடு பட்டதும் கத்துகிறது போலிருக்கிறது. பேட்டரியை எடுத்து ரேடியோவில் போட்டேன். நன்றாகப் பாடுகிறது. டப்பா சுவரிலேயே இருக்கட்டும். பெனிட்டா கேட்டால் மாட்டியிருக்கிறது என்று சொல்லலாம், உண்மைதான்.

நவம்பர் 24, திங்கள்

மாலையில் தலைவலி. கறுப்பி வீட்டைவிட்டுப் போய்விட்டது. பூனை என்றால் கணப்பின் எதிரே கிடக்க வேண்டும். இது மூன்று நாளாகக் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. இன்று பார்த்தால் பக்கத்து வீட்டு டெய்சி டீச்சரின் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. வேலியோரத்து மரத்தை அவள் என்னைக் கேட்காமல் வெட்டியதிலிருந்து நாலு வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. பூனைக்கு அது தெரியும். தெரிந்தே போயிருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

தலைவலி. சந்தைக்கு நடந்து போனதும் விட்டுவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டது. வயது.

மாலை ஆறு மணிபோல எங்கோ தையல் மிஷின் ஓடும் சத்தம். டெய்சி டீச்சர் வீட்டிலாக இருக்கும்.

டிசம்பர் 2, செவ்வாய்

மறுபடி அந்தச் சத்தம். டீச்சர் வீட்டிலிருந்துதானா என்று தெரிந்துகொள்ள ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. ஜன்னலை மூடி உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத் திரும்ப ஆரம்பித்தது.

வெளியிலிருந்து வரும் சத்தம் என்றால் ஜன்னல் திறந்தால் அதிகமாக வேண்டும். குறைகிறது. ஆகவே சத்தம் வீட்டுக்குள் இருக்கிறது. இதை நான் கணக்காக மட்டும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 5, வெள்ளி

ரவிக்கைக்குக் கை வைக்கும்போது மிஷின் நின்று நின்று ஓடும். இது அப்படி இல்லை. பாவாடைக்கு ஓரம் அடிக்கிற ஓட்டம். நேராக, மூச்சு விடாமல். பண்டிகைக்கு முன்னால் அமலி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் திரைச்சீலையும் தேவதூதர் வேடத்துக்குச் சம்மனசு அங்கியும் தைப்பாள். இந்த மாதம் முழுக்க அப்படித்தான் ஓடும்.

பின்னறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, நான்கு புள்ளிகள்தானே.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் கலீல் போன் செய்தான், இந்தப் பக்கம் ஒரு வேலையாக வருகிறேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகிறேன் என்று. அவன் வரும் முன் தகட்டைத் திறந்து கிளாம்பை மாட்டி வைத்தேன்.

வால்வைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"என்னய்யா, ஒரு மாதிரியா இருக்கீங்க? கண்ணெல்லாம் செவந்திருக்கு."

"தூக்கம் இல்ல."

"கிளாம்பத் தொட்டீங்களா?"

"எதுக்குத் தொடப் போறேன்?"

இது பொய்யில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி, அவ்வளவுதான். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, தன் மூன்று பெண்பிள்ளைகளும் சேர்ந்து தன்னை வீட்டில் எப்படி மிரட்டுகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போனான். அவன் போனதும் வீடு பெரிதாகிவிட்டது.

அலுப்பில் கிளாம்பை அப்படியே விட்டுவிட்டேன். எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். தலைவலி இல்லை. சத்தமும் இல்லை.

டிசம்பர் 10, புதன்

கிளாம்பைக் கழற்றினேன். குளிருக்காக.

டிசம்பர் 13, சனி

கதவுக்கு அடியில் காற்று வருகிறது. சாக்கை மடித்து அடைத்தேன். ஜன்னல் சந்துகளில் தாள் ஒட்டினேன். தகட்டில் இரண்டு விரல் சந்து மட்டும் விட்டிருக்கிறேன். இப்போது நன்றாகக் கேட்கிறது. அறையின் சூட்டைச் சொல்ல வந்தேன். அறை நன்றாகச் சூடாக இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டால், ஓரம் முடிந்து நூலைக் கடிக்கும் நேரம்கூடத் தெரிகிறது.

டிசம்பர் 17, புதன்

காபியில் உப்புப் போட்டுக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. எழுந்தபோது கால் மடங்கியது. இன்று மாலை அவள்

டிசம்பர் 20, சனி

பெனிட்டா போன் செய்தாள். இருபத்து மூன்றாம் தேதி ஷெர்லியைக் கூட்டிக்கொண்டு வருகிறாளாம். மருமகன் மஸ்கட்டில், லீவு இல்லை. பேத்திக்கு ஆறு வயது. அவள் இங்கே கடைசியாக வந்தது அடக்கத்துக்கு.

"அலாரம் மாட்டியிருக்குல்லப்பா?"

"சுவத்துல இருக்கு."

வீட்டில் சூடான அறை கணப்பறை ஒன்றுதான். அங்கேயே மெத்தை விரித்தேன். கிறிஸ்துமஸ் குடில் வைக்கப் பாசி பறித்து வந்தேன். பாதி ஏற்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. டெய்சி டீச்சர் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும்.

டிசம்பர் 23, செவ்வாய்

வந்துவிட்டார்கள். ஷெர்லி பீங்கான் கட்டைகளை வெகுநேரம் ஆராய்ந்தாள்.

"தாத்தா, இது எரிஞ்சு எப்ப தீரும்?"

"தீராதுடா. பொய்க் கட்டை."

"அப்ப தீயும் பொய்யா?"

"தீ நெசம்."

"ஐய, பாதி நெசம் பாதி பொய்!" என்று துள்ளினாள். பெனிட்டா கதவிடுக்கில் சாக்கைப் பார்த்துவிட்டு, "வீட்ட என்னப்பா இப்படி டப்பா மாதிரி அடைச்சு வச்சிருக்கீங்க" என்றாள். அவள் திருச்சி வெயிலில் இருப்பவள். மலைக்குளிர் மறந்துவிட்டது.

டிசம்பர் 24, புதன்

ஷெர்லிக்குத் தலைவலி. மாலையில் ஒருமுறை வாந்தி. மலைப்பாதையின் வளைவுகள் இன்னும் வயிற்றில் சுற்றுகின்றன என்கிறாள் பெனிட்டா. வெளியே நிறுத்தி முகம் கழுவியதும் சரியாகிவிட்டது.

ஆனால் நடந்தது வேறொன்று. வாந்திக்கு முன்னால், என் மடியில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று தலையைத் தூக்கி, "தாத்தா, எங்கயோ மிஷின் ஓடுது" என்றாள்.

பெனிட்டா அடுக்களையில் இருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

எனக்கு மட்டும் கேட்கும் சத்தம் இல்லை அது. நான் கிறுக்கன் இல்லை. இத்தனை நாள் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்; குழந்தை கேட்டுவிட்டாள். "அது ஒங்க அம்மாச்சி" என்றேன். தலையாட்டினாள். இந்த வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷெர்லிக்கு ஒன்றும் இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஒன்றும் இல்லை, காலையில் இட்லி சாப்பிட்டாள்.

நேற்று பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, மதியம் மூன்று மணி இருக்கும். மூடுபனி ஜன்னலில் வந்து ஒட்டியிருந்தது. பெனிட்டா கேக்கை எடுத்துக்கொண்டு டெய்சி டீச்சர் வீட்டுக்குப் போனாள். போகாதே என்றேன். "பண்டிகை நாள்ல என்னப்பா" என்று போய்விட்டாள். அவள் போனதும் சாக்கை மறுபடி கதவடியில் தள்ளினேன். காலையிலிருந்தே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

ஷெர்லி கம்பளத்தில் படுத்து வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. இதுவரை இல்லாத அளவுக்குப் பலமாக, அடுத்த அறையில் இல்லை, என் காதுக்குப் பக்கத்தில். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தாத்தா, நிப்பாட்டச் சொல்லுங்க."

"அம்மாச்சி தைக்கிறாடா."

"தலைக்குள்ள ஓடுது. நிப்பாட்டச் சொல்லுங்க தாத்தா."

நான் சொன்னேன். "அமலி, பிள்ளைக்குத் தலை வலிக்குதாம். நிறுத்து" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நிற்கவில்லை.

இன்னொரு தரம் சொன்னேன். அதே ஓட்டம், ஒரே மாதிரி, நேராக.

பெனிட்டா தொட்டிலில் கிடந்த காலத்தில் அவள் லேசாக முனகினாலே அமலியின் கால் மிஷினிலிருந்து எடுபட்டுவிடும். பாதித் தையலில் ஊசி துணியில் நிற்கும். எத்தனை அவசரத் துணியானாலும் சரி. பிள்ளைக்கு வலிக்கிறது என்று சொல்லி அவள் நிறுத்தாமல் இருந்த ஒரு நாளை என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. இது அமலி இல்லை.

கண்ணைத் திறந்தேன். ஷெர்லியின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. வர்ணக்குச்சி விரலிலிருந்து நழுவியிருந்தது. கூப்பிட்டேன். கண் பாதி திறந்து மூடியது. எழுந்தேன், கால் இல்லை. விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்து, கம்பளத்தின் முனையைப் பிடித்து அவளோடு சேர்த்து இழுத்தேன். சாக்கு கதவில் சிக்கிக்கொண்டது. நான் வைத்த சாக்கு. அதை உருவி எறிந்து, கதவைத் திறந்து, அவளை வாசலில் மூடுபனிக்குள் இழுத்துப் போட்டேன். "டெய்சி டீச்சர்!" என்று கத்தினேன். வேறு பெயர் வாயில் வரவில்லை.

இருவரும் ஓடி வந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டீச்சர்தான் மேட்டில் ஓடிப் போய் வண்டியை நிறுத்தினாள். அவளுக்கு என்னைவிட ஒரு வயதுதான் குறைவு.

ஆக்சிஜன் வைத்தார்கள். எனக்கும் வைத்தார்கள். என்ன நடந்தது என்று டாக்டர் பெனிட்டாவைக் கேட்டார். அவளுக்கென்ன தெரியும். முகமூடியை விலக்கி நானே சொன்னேன்: "சிம்னித் தகட்ட மூடுனது நான். அலாரத்துப் பேட்டரிய எடுத்ததும் நான்." டாக்டர் அதை எழுதிக்கொண்டார். பெனிட்டா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்து பெனிட்டாவே எல்லா ஜன்னல்களையும் திறந்தாள். ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்தாள். பெட்டியைக் கட்டி முடித்த பிறகுதான் என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா மூடுனீங்க?"

"குளிரு."

"கீழ படுத்து, ஸ்பேனர் போட்டு, கழட்டி. குளிருக்கா?"

"ஆமா."

"ஷெர்லி சொன்னா. அம்மாச்சி மிஷின் ஓட்டுனாங்கன்னு."

நான் குடிலில் சரிந்திருந்த ஒரு ஆட்டை நிமிர்த்தி வைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அதக் குடுத்திருக்க மாட்டேம்ப்பா" என்றாள். அழுகிறாளா என்று பார்க்கவில்லை.

"மிஷினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன்.

"எங்கூட வந்துருங்கப்பா. இனிமே என்னால ஒங்கள இங்க தனியா விட்டுட்டு அங்க தூங்க முடியாது."

வரமாட்டேன் என்றேன். கெஞ்சினாள். திட்டினாள். அவளுக்கு என் குணம் அப்படியே இருக்கிறது, அது எனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. கடைசியில், "ஷெர்லிய நான் இனி இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாது. அது ஒங்களுக்குப் புரியுதா?" என்றாள்.

புரிகிறது என்றேன்.

ஷெர்லி வண்டியிலிருந்து கை காட்டினாள். நான் வாசலில் நின்றேன். டெய்சி டீச்சர் வேலிக்கு அப்பால் நின்றாள். வண்டி வளைவில் மறைந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

கிளாம்பை நானே மாட்டி, நன்றாக முறுக்கினேன். பற்றவைத்து உட்கார்ந்தேன். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தது. தலை தெளிவாக இருந்தது.

எது அது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கினார்: விஷக்காற்று ரத்தத்தில் ஏறினால் காதுக்குள் ரீங்காரம் கேட்கும், இல்லாதது இருப்பதுபோலத் தோன்றும். காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எவனும் அந்தக் காரியத்தைச் செய்யமாட்டான்.

ஆறு மணிக்கு ஸ்பேனர் என் கையில் இருந்தது. எதற்காக எடுத்தேன் என்று எழுதப் போவதில்லை. அடுப்பை அணைத்து, மல்லாந்து படுத்து, கையை உள்ளே விட்டேன். தகடு இன்னும் சூடாக இருந்தது. வீட்டில் இப்போது யாரும் இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது, இரண்டு விரல் சந்து விட்டால் போதும் என்று ஒரு கணக்கு ஓடியது. கணக்கில் பிழை இல்லை.

அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு எழுந்து கலீலுக்குப் போன் செய்தேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

கலீல் வந்தான். வாசலிலேயே நின்றான், உட்காரவில்லை.

"மூஞ்சிக்கு நேரா கேட்டேனேய்யா. தொட்டீங்களான்னு கேட்டேனா இல்லையா? பெரிய மனுசன்னு நம்பிப் போனேன். அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருந்தா என்னையத்தான்யா தூக்கி உள்ள வச்சிருப்பாங்க. எம் புள்ளைகளுக்கு யாருய்யா பதில் சொல்றது?"

அவன் முடிக்கும்வரை நின்றேன். பிறகு தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வாங்காமல் இருப்பான் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டான்.

"இப்ப என்ன செய்யணும்?"

"தகட்டையே வெட்டி எடுத்துரு."

உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். "கிளாம்ப் கெட்டியா இருக்கேய்யா. இதுவே போதுமே."

"போதாது."

"யாரும் தொடலைன்னா ஆயுசுக்கும் நிக்கும்யா இது."

"எடுத்துருன்னு சொல்றேன்ல?"

திரும்பி என்னைப் பார்த்தான். கோபம் முகத்திலிருந்து இறங்குவது தெரிந்தது. கிரைண்டர் போட்டுத் தகட்டின் கீல்களை அறுத்தான். பொறி பறந்தது. கறுத்த தகட்டை இரண்டு கையாலும் வெளியே எடுத்துச் சுவரில் சாத்தினான். அண்ணாந்து பார்த்தேன், புகைபோக்கியின் உச்சியில் சின்னச் சதுரமாக வானம் தெரிந்தது. குளிர் நேராக முகத்தில் இறங்கியது.

"வீடு சில்லுன்னுதான்யா இருக்கும் இனி. அடுப்பு எரியாதப்போ பனி எறங்கும்."

"எறங்கட்டும்."

"இந்த இரும்ப என்ன செய்ய?"

"கொண்டு போ. இங்க கெடக்க வேணாம்."

பேட்டரி வாங்கி வந்திருந்தான். வெள்ளை டப்பாவில் போட்டு, கத்துகிறதா என்று அழுத்திப் பார்த்தான். காது கிழியக் கத்தியது. வண்டியில் தகட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, "ரெண்டு சொட்டர் போட்டு உக்காருங்கய்யா" என்றான்.

ஜனவரி 3, சனி

புல்லில் உறைபனி. இரண்டு ஸ்வெட்டர், தலையில் மப்ளர். அடுப்பு எரிகிறது, சூடு மேகத்துக்குப் போகிறது.

ஏழு மணிக்குப் பெனிட்டாவின் போன். தினமும் இதே நேரத்துக்கு வருகிறது. எடுக்காவிட்டால் டீச்சரை அனுப்பிவிடுவாள் என்பதால் எடுக்கிறேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"தலை வலிக்குதா?"

"இல்ல."

"ஷெர்லி தூங்கிட்டா. தாத்தா வீட்டுப் பொய்க் கட்டை இன்னும் தீரலையான்னு கேட்டா."

"தீரலைன்னு சொல்லு."

பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப ஏதாச்சும் கேக்குதாப்பா?" என்றாள்.

நான் காது கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கேஸ் எரிகிற சீறல், மேலே புகைபோக்கியில் காற்று. அவ்வளவுதான்.

"ஒண்ணும் கேக்கலம்மா" என்றேன்.

"சரிப்பா" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.